நட்டுக்குத்தலாக ஒரு ஸ்பூன்

துப்பறியப் போன இடத்தில் நான் செய்த முதல் காரியம் வழுக்கி விழுந்தது. கேப்ஸ்யூல் கம்பெனியின் பின்பக்கம், மெஷின் பாகங்களைக் கழுவுகிற கூடம். முதலாளி, முதலாளியின் மச்சான், ஸ்டோர் பார்க்கிற பெண், அடைப்பு எடுக்க வந்த ப்ளம்பர் என்று நாலு பேர் பார்க்க, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் கொழுந்தன் கை கொடுத்துத் தூக்குவார் என்று பார்த்தால், அவர் குனிந்து என் செருப்பின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அசையாதீங்க."

"அசைய முடிஞ்சா எந்திரிச்சிருக்க மாட்டேனா?"

அவர் கைக்குட்டையை எடுத்து என் செருப்பில் ஒட்டியிருந்ததை வழித்தார். கெட்டியாக, வழவழவென்று, கண்ணாடி போலத் தெளிவாக ஏதோ ஒன்று. ப்ளம்பர் சாக்கடைக் குழாய்க்குள் கம்பியை விட்டு அதைத்தான் வாளி வாளியாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ வீட்டு அடைப்பைப் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி சரக்கைக் கண்டதில்லை என்றார். கொஞ்சம் சுடுதண்ணீர் கிடைத்தால் இளகும், ஆனால் அதற்கு முதலாளி ரூமுக்குப் போய் ஸ்விட்ச் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டுமாம் என்றும் முணுமுணுத்தார். மெஷின் கழுவின சோப்புத்தான் சேர்ந்து போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று முதலாளி அவசரமாகச் சொன்னார்.

இந்த இடத்தில் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன். துப்பறியும் நிபுணர் என்று போர்டு மாட்டியிருப்பவர் என் கணவரின் தம்பி. அவருக்கு உதவியாளராக வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனதில், ஓட முடியாத ஆளாகப் பார்த்து என்னைப் பிடித்தார். ஆபீசில் அவர் என்னை வேலை வாங்குகிறவர். வீட்டில் நான் அவருக்குச் சாப்பாடு போடுகிறவள். அதனால் அவர் என்னை அதட்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பார். போன கேஸில் காணாமல் போன பூனையைத் தேடி, அதே நிறத்தில் வேறொரு பூனையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அசல் பூனை தானாகவே வீடு திரும்பி எங்கள் மானத்தை வாங்கியது. அப்படிப்பட்ட எங்களை ஒரு கம்பெனி முதலாளி தேடிப் பிடித்துக் கூப்பிட்டார் என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமையில் மூளை வேலை செய்யவில்லை.

காணாமல் போனது ஒரு டிரம். அதற்குள் குட்ஸு வேர்ச்சாறு. பேரைக் கேட்டதும் எனக்குக் கூட்ஸ் வண்டிதான் ஞாபகம் வந்தது. முதலாளி தன் ரூமில் உட்கார வைத்து விளக்கினார். குட்ஸு என்பது ஒரு கொடியாம். விட்டால் வேலி, மரம், நிறுத்தி வைத்த லாரி என்று எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுமாம். மண்ணுக்குள் தொடை மொத்தத்துக்கு வேர் ஓடுமாம். அந்த வேரிலிருந்து சத்தை மட்டும் பிரித்துக் காயவைத்த தூள்தான் வேர்ச்சாறு. அதைக் கேப்ஸ்யூலில் அடைத்து, 'குடியை மறக்கத் துணை' என்று பாட்டிலில் ஒட்டி விற்கிறார்கள். மறக்க வைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் டீயைத் தாண்டாதவள். அவர் தலைக்கு மேல் சட்டம் போட்டு ஒரு விளம்பரம் மாட்டியிருந்தது: 'தூய்மையிலும் தூய்மை. அதனால்தான் வெள்ளை. சுடுநீரில் முழுமையாகக் கரையும்.'

சாயங்காலம் ஒரு பெரிய கம்பெனிக்காரர் வருகிறார், அந்த டிரம்மைத் தானே திறந்து தூளை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் ஒப்பந்தம் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மாலை வரை டிரம் ஸ்டோரில் இருந்தது. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை பூட்டு பூட்டினபடி இருக்கிறது, டிரம்மைக் காணோம்.

"இப்ப சாவி ஒண்ணுதான், அது அவங்க கழுத்துலதான் தொங்குது," என்றார் முதலாளி. "நான் யாரையும் குத்தம் சொல்லலை. நீங்களா விசாரிச்சு, யாருன்னு எழுதிக் குடுத்துடுங்க. வர்றவருக்குக் காட்டணும். அப்புறம் போலீஸ் பாத்துக்கட்டும்."

குற்றம் சொல்லாமலே குற்றம் சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர். கொழுந்தன் தலையை ஆட்டினார். சாவி தொங்கும் கழுத்துக்குச் சொந்தக்காரியான ஸ்டோர் அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனியில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் ஸ்டோர் அக்காதான். முகத்தில் ஈயாடவில்லை.

முதலாளியின் மச்சானை, அதாவது அவருடைய மனைவியின் தம்பியை, நடையில் மடக்கினோம். சரக்கு வாங்குவது அவர் வேலை. ஏசி ஓடும் இடத்தில் மனிதர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார். அந்த வேரில் சாறு மட்டும்தான் கிடைக்குமா என்று கொழுந்தன் சும்மா கேட்டு வைக்க, அதே வேரை இடித்து அலசினால் மாவும் கிடைக்கும், சமையலில் குழம்பைக் கெட்டியாக்க அதைப் போடுவார்கள், மூட்டை மூட்டையாக மலிவாக வரும் என்று சொல்லிவிட்டு, ஏன்தான் சொன்னோமோ என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு போன் வந்ததாக நடித்துக்கொண்டு போய்விட்டார். போன் அவர் கையில் தலைகீழாக இருந்தது.

"இவன்தான்," என்றேன்.

"பூனை கேஸ்லயும் இப்படித்தான் சொன்னீங்க, அண்ணி."

அடுத்து ஸ்டோர். குளுகுளுவென்று, காய்ந்த காற்றோடு ஒரு அறை. தூளுக்கு ஈரம் ஆகாது என்று ஒரு மெஷின் நாள் பூராவும் காற்றில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. டிரம் இருந்த மரப்பலகை காலியாக இருந்தது. ஸ்டோர் அக்கா பலகையைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்த்தே பேசினார். சனிக்கிழமை பூட்டினேன், திங்கள் திறந்தேன், நடுவில் சாவி குளிக்கும்போதுகூடக் கழுத்தில்தான் இருந்தது என்றார். பிறகு கொழுந்தன் பலகைக்கு அடியில் டார்ச் அடிக்கப் போன நேரம் பார்த்து, என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம். பேர் கெட்டாகூட அழுது தீத்துடலாம். எனக்கு பயம் அது இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் குடியை விட்டதே இந்தத் தூளாலதான். இங்க இருந்து என்னை அனுப்பிட்டா அதுக்கு நான் எங்க போவேன்?"

கேப்ஸ்யூலில் அடைத்தது போக மெஷின் தொட்டியில் கொஞ்சம் தூள் மிஞ்சுமாம். அதை அடுத்த தடவைக்குச் சேர்க்கக் கூடாது என்பது கம்பெனி வழக்கம். வேண்டுமென்றால் எடுத்துப் போங்கள் என்று முதலாளி தாராளமாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. இந்த அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு டப்பாவில் வாங்கிப் போயிருக்கிறார். போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு சொட்டுத் தொடவில்லையாம். சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் வீட்டைச் சோதனை போட வேண்டும் என்பது முதலாளியின் யோசனை. போனோம். பஸ் டிப்போவுக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். மதிய ஷிஃப்டுக்குக் காக்கிச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சண்டைக்கு வருவார் என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவரோ பீரோ, கட்டில் அடி, பரண் எல்லாவற்றையும் தானே திறந்து காட்டினார். அந்தப் பரணில் டிரம் என்ன, டிரம்மின் மூடியைக்கூட வைக்க முடியாது.

"நீங்க பாத்துக்கிட்டு இருங்க. நான் என் மருந்தைக் குடிச்சுடறேன், வண்டிக்கு நேரமாச்சு," என்றார்.

டப்பாவிலிருந்து வெள்ளைத் தூளை மூன்று ஸ்பூன் குவித்து ஒரு சின்னக் கப்பில் போட்டார். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டுக் கரைத்தார். கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றிக் கிண்டினார். கிண்டக் கிண்ட அவர் கை மெதுவானது. கடைசியில் கையை எடுத்துவிட்டார். ஸ்பூன் நட்டுக்குத்தலாக நின்றது. வெள்ளையாக இருந்தது மாறித் தெளிந்து பளபளத்தது. மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, அதைக் குடித்தார் என்று சொல்ல முடியாது, விழுங்கினார். முகம் போன கோணலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கப்பை வைத்துவிட்டுப் பேசினபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"இதைக் குடிக்கறதைவிட அதைக் குடிக்காம இருக்கறதுதான் கஷ்டம். தினம் வண்டியை விட்டு இறங்கினதும் கால் அந்தக் கடைப் பக்கம் தானா திரும்பும். இதைக் குடிச்சிருக்கோமே, வீணாப் போயிடுமேன்னு திருப்பி இழுத்துக்கிட்டு வருவேன். அவளை ஸ்டேஷன்ல உட்கார வச்சா, இந்தக் காலை எதைச் சொல்லி இழுக்கறதுன்னு எனக்குத் தெரியலை."

கொழுந்தன் கப்பின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு டப்பாவிலிருந்து ஒரு பிடி தூளை ஒரு பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாடிப்படி இறங்கும்போது, காலையில் என் செருப்பைத் துடைத்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்து மோந்து பார்த்தார். எதிரே வந்த பெண்மணி ஒதுங்கி வழிவிட்டார்.

கம்பெனிக்குத் திரும்பியதும் நேராகப் பின்கட்டுக்குப் போனார். அங்கே காலி டிரம்கள் குன்று போலக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். பார்த்து முடித்து வெளியே எடுத்தபோது மூக்கு ஒரு நிறம், புருவம் ஒரு நிறம். பச்சைத் தூள், மஞ்சள் தூள், கருப்புத் தூள் என்று எல்லா டிரம்மிலும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கிப் போடப்போகிற டிரம்மை யார் கழுவுவார்கள்? கடைசி வரிசையில் ஒன்று மட்டும், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் குளித்துச் சுத்தமாக உட்கார்ந்திருந்தது. லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. அடிமூட்டில், கையெட்டாத மூலையில், அதே கண்ணாடிப் பசை ஒரு கீற்று.

ஆக, டிரம் கம்பெனியை விட்டு எங்கேயும் போகவில்லை. உள்ளே இருந்தது போய்விட்டது, சாக்கடை வழியாக.

"திருடினவன் எதுக்கு அண்ணி சாக்கடையில கொட்டணும்?" என்று தலையைச் சொறிந்தார். "அதுவும், கொட்டினது ஏன் இப்படிக் கட்டியாச்சு?"

"இதுக்கு டிடெக்டிவ் வேணுமா? மாவு ஒட்டின பாத்திரத்தை யாராவது சுடுதண்ணியில கழுவுவாங்களா? உங்க அண்ணன் கழுவினார். நான் ஊருக்குப் போயிருந்தப்போ ஒருநாள் எல்லா மாவுப் பாத்திரத்தையும் சிங்க்ல போட்டு, ஹீட்டரைத் திறந்துவிட்டு, சிங்க் குழாய் மொத்தமும் பசை. பச்சைத் தண்ணியில விட்டிருந்தா பாலா ஓடிப் போயிருக்கும். நாலு நாள் வாசல் குழாயடியில உட்கார்ந்து பாத்திரம் தேச்சார், வேணும் அவருக்கு."

கொழுந்தன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மூக்கில் மஞ்சளும் புருவத்தில் பச்சையுமாக அந்த முகம் எனக்குச் சாகும்வரை மறக்காது.

"அண்ணி, இப்ப சொன்னதை மறுபடி சொல்லுங்க."

"எதை? உங்க அண்ணனைத் திட்டினதையா?"

"அதை வீட்டுல தினம் கேக்கறேன். சுடுதண்ணி, அண்ணி. சுடுதண்ணி."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கப்பில் நின்ற ஸ்பூன், செருப்பில் ஒட்டிய பசை, டிரம்மின் மூலையில் இருந்த கீற்று எல்லாம் ஒரே சரக்கு. சாறு என்று சொல்லி டிரம்மில் இருந்தது குழம்பைக் கெட்டியாக்குகிற மாவு. போன மழைக்காலத்திலேயே மாவு என்றால், சாறு காணாமல் போனது இந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை. அது எந்தக் காலத்திலும் வரவே இல்லை. அந்த மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தினம் விழுங்கியதும் வெறும் பசைதான். கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. கொழுந்தனைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று முகமே சொன்னது.

முதலாளி ரூமுக்குப் போனபோது அவர் வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவைத்துக் காத்திருந்தார். கொழுந்தன் மச்சானையும் ஸ்டோர் அக்காவையும் கூப்பிடச் சொன்னார். எல்லாரும் வந்ததும், எழுதுவதற்கு முன் எனக்குக் கொஞ்சம் சுடுதண்ணீர் வேண்டும், முகம் கழுவ வேண்டும் என்றார். அந்த முகத்தைப் பார்த்த யாரும் மறுக்க முடியாது. முதலாளி நாற்காலியைத் திருப்பி, பின்சுவரில் இருந்த சின்ன இரும்புப் பெட்டியைத் திறந்து ஸ்விட்ச் போட்டார். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஸ்விட்சையே பூட்டி வைத்திருந்தார் மகராசன். இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து, பெட்டியைத் திறந்து, கொத்தை மேஜைமேல் வைத்தார். எங்கள் அதிர்ஷ்டம், வைத்தார்.

ப்ளம்பரை விட்டு ஒரு ஜக்கில் தண்ணீர் வரவழைத்தோம். கொழுந்தன் பொட்டலத்தைப் பிரித்துத் தூளை மேஜைமேல் இருந்த கண்ணாடி டம்ளரில் கொட்டினார்.

"முதலாளி, இது உங்க தூள். மெஷின்ல மிஞ்சினது. இதுல சுடுதண்ணி ஊத்தினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், கரையும். பாருங்க, மேலயே போட்டிருக்கே," என்று சட்டத்தைக் காட்டினார்.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். கொழுந்தன் முதலில் பச்சைத் தண்ணீர் தெளித்து, பிறகு ஆவி பறக்கும் தண்ணீரை ஊற்றிக் கிண்டினார். டம்ளரில் பேனாவைச் செருகிவிட்டுக் கையை எடுத்தார். பேனா அட்டென்ஷனில் நின்றது.

அதற்கப்புறம் அவர் நிறுத்தி நிதானமாகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை யாரோ டிரம்மைக் கழுவும் கூடத்துக்கு உருட்டிப்போய், தூளைக் கொட்டி, சுவடு தெரியாமல் இருக்கச் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் விட்டிருந்தால் கேஸே இல்லை. சுடுதண்ணீர் விட்டதால் குழாய் மொத்தமும் பசையாகிவிட்டது. அந்தச் சுடுதண்ணீருக்கு ஸ்விட்ச் இந்த ரூமில், பூட்டின பெட்டிக்குள் இருக்கிறது. சமையல் செய்கிறவர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்; சாறு கரையும் என்று நம்புகிறவர்தான் செய்வார்.

"மாவுன்னு தெரிஞ்சேதான் வாங்கினீங்க. வர்றவர் திறந்து பாத்தா குட்டு உடையும்னுதான் கொட்டினீங்க," என்றார் கொழுந்தன். "ஆனா சாறு சாறுன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில உங்க விளம்பரத்தை நீங்களே நம்பிட்டீங்க."

இரண்டாவது சாவி தொலைந்து ரொம்ப நாளாகிறது, ஸ்டோருக்குள் தான் எப்படிப் போயிருக்க முடியும் என்று முதலாளி குரலை உயர்த்தினார். நான் மேஜைமேல் இருந்த கொத்தை எடுத்து, ஸ்டோர் அக்காவைப் பக்கத்தில் வரச் சொன்னேன். அவர் கழுத்துச் சாவியை ஒவ்வொன்றோடும் ஒட்டிவைத்துப் பார்த்ததில் ஒன்று பல்லுக்குப் பல் பொருந்தியது. முதலாளி அதைப் பார்த்தார்.

வாய் திறந்தது மச்சான்தான். முதல் நாளிலிருந்தே மாவுதான் வாங்கச் சொன்னார், கூடப் பிறந்த அக்காவின் வாழ்க்கை கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், இந்தம்மா மேல் பழி போடப் போகிறார் என்று சத்தியமாகத் தெரியாது என்று கடகடவென்று கொட்டினார். பேசி முடித்ததும் கழுத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். எங்களைத் தேடிப் பிடித்த ரகசியமும் அப்போதுதான் வெளியே வந்தது. ஊரிலேயே ஒன்றும் கண்டுபிடிக்காத ஏஜென்சி எது என்று விசாரித்து, எல்லாரும் ஒரே பேரைச் சொன்னதால் எங்களைக் கூப்பிட்டாராம். கொழுந்தனுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டம்ளரை முதலாளி தலையில் கவிழ்த்திருப்பேன், கவிழ்த்தாலும் கொட்டாது என்பதால் விட்டேன்.

ஆனால் முதலாளி இன்னும் மசியவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஸ்டோர் அக்காவைப் பார்த்தார். குரல் இப்போது ரொம்ப மென்மையாக இருந்தது.

"சரி, வர்றவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. ஊரெல்லாம் பரவட்டும். உங்க வீட்டுக்காரர் காதுக்கும் போகும் இல்ல? இத்தனை நாள் குடிச்சது மருந்து இல்லை, வெறும் மாவுன்னு அவருக்குத் தெரிஞ்சா, இன்னிக்கு வண்டியை விட்டு இறங்கி நேரா எங்க போவார்? யோசிச்சுக்குங்க. டிரம் தவறிக் கொட்டிப் போச்சுன்னு நானே சொல்லிடறேன். உங்களுக்கு வேலையும் இருக்கும், தூளும் கிடைக்கும்."

அந்த ஆளை அதுவரை எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து வெறுத்தேன். இது துப்பறிகிறவன் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. ஸ்டோர் அக்கா டம்ளரில் நிற்கும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்திலிருந்த கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, சாவியோடு மேஜைமேல் வைத்தார்.

"அவர்கிட்ட நான் பொய் சொன்னதில்லைங்க. தெரியாம சொன்னது போதும்," என்றார்.

வெளியே வந்தால் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஷிஃப்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு, சோதனைக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்று அந்த டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் அந்த மாதிரிக் கடை ஒன்று திறந்திருந்தது. கம்பெனி வாசல்களுக்கு எதிரே கடை போட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

ஸ்டோர் அக்கா அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. டிரம்மை நான் எடுக்கவில்லை என்று நிரூபணமாகிவிட்டது என்றார். அதில் இருந்தது சாறு இல்லை, மாவு என்றார். நீங்கள் தினம் குடித்ததும் அதே மாவுதான், எனக்கே இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லி முடித்தார்.

மனிதர் டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். தலையைத் தூக்கியபோது பார்வை நேராக எதிர்ப்பக்கக் கடைக்குப் போனது. கொழுந்தன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது விரல் வலித்த பிறகுதான் தெரிந்தது.

"மாவா?" என்றார்.

"மாவுதாங்க."

"அதுல மருந்தே இல்லையா? துளிகூட?"

"இல்லைங்க."

கடையிலிருந்து ஒருவன் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து, எங்களைப் பார்த்து எதற்கோ வணக்கம் வைத்துவிட்டுப் போனான். வீட்டுக்காரர் அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, குடியை நிறுத்தினது நான்தானா?"

ஸ்டோர் அக்கா தலையை ஆட்டினார், திரும்பத் திரும்ப ஆட்டினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கொழுந்தன் கைக்குட்டையை நீட்டினார். அதில் காலையில் என் செருப்பைத் துடைத்தார் என்பது முகத்தில் ஒட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்காரர் காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, டப்பாவை மனைவி கையில் கொடுத்தார். அது சாட்சிப் பொருள் என்று கொழுந்தன் ஆரம்பித்தார். நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போ," என்றார் அந்த மனிதர். "எனக்கு இது வேண்டாம். ராத்திரி சூப்புக்குப் போடு, கெட்டியா இருக்கும்."

சொல்லிவிட்டு, கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டி எடுக்கப் போனார்.